கிடாவை மாற்றும் முன் தராசைத் தொங்கவிடுங்கள்

என் நோட்டில் ஒரு பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பார்ப்பேன். ஒரே கிடாவுக்கு, ஒரே நாளில், வேறு வேறு தாய்களுக்குப் பிறந்த இரண்டு செம்மறிக் கிடாக்குட்டிகளின் கணக்கு அது. காதுத் தோட்டில் 31, 32 என்று எண். பிறந்த அன்று 31-ன் எடை 2.6 கிலோ, 32-ன் எடை 2.4 கிலோ. அறுபதாம் நாள் 31 வந்து நின்றது 10.4 கிலோவில். 32 வெறும் 7 கிலோ.

இனம் ஒன்று, தகப்பன் ஒன்று, மேய்ந்த இடமும் ஒன்று. வித்தியாசம் தாயின் மடியில் இருந்தது. 32-ன் தாய்க்கு ஒரு பக்கக் காம்பு அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. குட்டி ஒற்றைக் காம்பில் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறது. அறுபதாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக எடை போட்டேன். முப்பதாம் நாளே தூக்கிப் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

செம்மறி வளர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த இனம் வாங்கலாம்?" என்றுதான். இரண்டு வருடம் கழித்து வந்து கேட்பது "கிடாவை மாற்றலாமா?" இனம் முக்கியம்தான். ஆனால் குட்டி எங்கே நின்றுபோனது என்று தெரியாமல் இனத்தை மாற்றினால், பழைய தப்பு புது இனத்திலும் அப்படியே தொடரும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தராசு.

எடை போடுவது

50 கிலோ வரை காட்டும் ஒரு தொங்கு தராசு போதும். சாக்கில் நான்கு கால் நுழைய நான்கு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டினால் தொட்டில் தயார். கால் நான்கும் கீழே தொங்கியதும் குட்டி உதைப்பதை நிறுத்திவிடும்.

காலையில், மேயவும் தண்ணீர் குடிக்கவும் விடும் முன் போடுங்கள். மேய்ந்து வந்த ஆட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றுக்குள் இருக்கும் புல்லும் தண்ணீரும்தான். ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மாலையிலும் போட்டால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

பிறந்த நாள், 30, 60, 90, அப்புறம் மாதம் ஒரு முறை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி. பிறந்தபோது 2.4 கிலோ, முப்பதாம் நாள் 6 கிலோ என்றால் 3,600 கிராமை 30 நாளால் வகுக்க, நாளுக்கு 120 கிராம். ஒற்றைக் குட்டியா இரட்டையா, கிடாவா பெட்டையா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரட்டைக் குட்டியை ஒற்றைக் குட்டியோடு ஒப்பிடக் கூடாது. பெட்டையைக் கிடாவோடும் ஒப்பிடக் கூடாது, கிடாக்குட்டி எந்த இனத்திலும் கொஞ்சம் வேகமாகத்தான் வளரும்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் 30 நாள் வளர்ச்சி தாயின் பாலைச் சொல்கிறது. 30 முதல் 90 வரை, பால் குறையும்போது குட்டிக்குக் கடித்துத் தின்ன நீங்கள் என்ன வைத்தீர்கள் என்பதைச் சொல்கிறது. 90-க்குப் பிறகுதான் இனம் தன் கையைக் காட்டும், அதுவும் தீவனம் சரியாக இருந்தால். முப்பதாம் நாள் எடை குறைவு என்று கிடாவைக் குறை சொல்வது ஆளை மாற்றி அடிப்பது.

இனம் எதைத் தீர்மானிக்கிறது

ஒரு இனத்தைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கேட்கலாம் என்றால், நான் வளர்ந்த ஆட்டின் எடையைக் கேட்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். இங்கிலாந்தின் பெரிய இறைச்சி இனமான சஃபோக்கில் பெட்டை 80 கிலோவைத் தாண்டும். மேச்சேரி, மெட்ராஸ் ரெட் போன்ற, கம்பளி தராத சிறிய ரோம ஆடுகளில் பெட்டை 20 முதல் 25 கிலோ. முன்னதன் குட்டி நல்ல தீவனத்தில் நாளுக்கு 300 கிராமுக்கு மேல் போடும். பின்னதன் குட்டி நாளுக்கு 100 முதல் 150 கிராம் போட்டால் நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். சஃபோக் எண்ணைப் படித்துவிட்டுச் சின்ன ஆட்டுக் குட்டியிடம் அதை எதிர்பார்த்து மனம் நொந்தவர்கள் நிறையப் பேர்.

உடம்பு வளர்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எலும்பு, அடுத்து தசை, கடைசியில் கொழுப்பு. கேம்பிரிட்ஜில் கால்நடை ஆராய்ச்சியாளர் ஜான் ஹாமண்ட் ஆட்டு உடல்களைப் பகுதி பகுதியாக அறுத்து எடைபோட்டு, 1932-ல் இதை விரிவாக எழுதினார். சிறிய இனம் இந்த வரிசையைச் சீக்கிரம் முடித்துவிடும், பெரிய இனம் நிதானமாகப் போகும். வளர்ந்த எடையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை வரும் கட்டத்தில் தசை நன்றாக ஏறியிருக்கும், கொழுப்பு அளவோடு இருக்கும். அதற்கு மேல் போடும் தீவனத்தில் பெரும்பங்கு கொழுப்பாகத்தான் மாறும், அதுவும் ஒரு கிலோ கொழுப்பைச் சேர்க்க ஒரு கிலோ சதையை விட அதிகத் தீவனம் பிடிக்கும்.

உங்கள் மந்தைக்கு இதைக் கணக்குப் போடுவது எளிது. மூன்று வயதான பெட்டைகள் நாலைந்தைத் தூக்கிச் சராசரி எடுங்கள். கிடாவின் எடையைக் கூட்டி இரண்டால் வகுங்கள். என் மந்தையில் பெட்டை 28, கிடா 40, நடுவில் 34. அப்படியென்றால் 17 முதல் 20 கிலோ வரை என் குட்டிகளை வளர்ப்பது தீவனத்துக்குத் தகும்.

இப்போது என் கதை. நான்காவது வருடம், குட்டிகள் மூன்று மாதத்தில் 12 கிலோவைத் தாண்டவில்லை என்று தார்ப்பர் கலந்த ஒரு கிடாவைக் கொண்டுவந்தேன். எழுபது கிலோ ஆள். தென்னாப்பிரிக்காவில் 1930-களில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பெர்சியனையும் சேர்த்து உருவாக்கிய இனம், வறண்ட நிலத்தில் இறைச்சிக்காக. அந்த வருடக் குட்டிகள் சராசரி 3.1 கிலோவில் பிறந்தன. நான் பூரித்துப்போனேன். முப்பதாம் நாள் பழைய குட்டிகளை விட முக்கால் கிலோ அதிகம். தொண்ணூறாம் நாள்? 12.7. நான் மாற்றியது கிடாவை மட்டும்தான். தாய் அதே சின்னத் தாய், மடி அதே சின்ன மடி, மேய்ச்சல் அதே மேய்ச்சல். பெரிய உடம்புக்கான வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் செங்கல்லைக் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

அடுத்த ஈற்றில் பழைய கிடாவின் குட்டிகள் ஆறு, கலப்புக் குட்டிகள் ஆறு, எல்லாவற்றையும் ஒரே தடுப்பில் விட்டு ஒரே கலவையைத் தாராளமாக வைத்தேன். பதினான்கு பதினைந்து கிலோ வரை இரண்டு கூட்டமும் தோளோடு தோள் நடந்தன. அதற்குப் பிறகு பிரிந்தன. கலப்புக் குட்டி ஏறிக்கொண்டே போனது. பழைய குட்டியும் எடை காட்டியது, ஆனால் 24 கிலோவில் ஒன்றை அறுத்தபோது சிறுநீரகத்தைச் சுற்றி உள்ளங்கை நிறைய வெள்ளைக் கொழுப்பு. அதே எடையில் கலப்புக் குட்டிக்குள் அதில் கால்வாசிகூட இல்லை. அன்றைக்குத்தான் இனமும் தீவனமும் எனக்குப் பிடிபட்டது. தீவனம் குறைந்தால் இரண்டு இனமும் ஒரே இடத்தில் நின்றுவிடும். தீவனம் நிறைந்த பிறகுதான் எது எங்கே நிற்கும் என்பது தெரியும்.

சின்னத் தாய்க்குப் பெரிய கிடா விடுகிறவர்கள் பயப்படுவது குட்டி வயிற்றிலேயே பெருத்துச் சிக்கிக்கொள்ளுமோ என்று. பயம் நியாயமானது, ஆனால் தாயின் கருப்பை ஓரளவு கட்டுப்படுத்தும். 1938-ல் வால்ட்டனும் ஹாமண்டும் மிகப் பெரிய ஷயர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லண்ட் மட்டக் குதிரையையும் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்தார்கள். தாய் ஷயராக இருந்தபோது குட்டி ஏறக்குறைய மூன்று மடங்கு எடையில் பிறந்தது. தாய் ஷெட்லண்டாக இருந்தபோது சின்னக் குட்டியாகவே பிறந்தது. இருந்தாலும் முதல் ஈற்றுப் பெட்டைக்குப் பெரிய கிடாவை நான் விடுவதில்லை. ஒரு முறையாவது சிரமமில்லாமல் ஈன்ற ஆட்டுக்கு மட்டும்.

இனம் என்பது அளவு மட்டுமல்ல. நெதர்லாந்தின் இறைச்சி இனமான டெக்சல் ஆட்டின் பின்தொடை அப்படி உருண்டு திரண்டிருப்பதற்குக் காரணம் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு அது, டெக்சலில் அந்தக் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. 2006-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். வங்காளத்தின் காரோல் ஆட்டிலும் ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவிலும் இருக்கும் இன்னொரு மரபணு வேறு திசையில் வேலை செய்கிறது: ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி. மொத்தக் குட்டி எடை கூடும், ஆனால் ஒவ்வொன்றும் சின்னதாகப் பிறக்கும். அந்த மாதிரி இனத்தை எடுப்பவர் தாயின் தீவனத்தை இரண்டு மடங்கு கவனிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இடத்தையும் பாருங்கள். கென்யாவில் தார்ப்பரையும் சிவப்பு மாசாய் ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஈரமான கடற்கரைப் பகுதியில், குடற்புழு அதிகமுள்ள மேய்ச்சலில், சிறிய சிவப்பு மாசாய் தாக்குப்பிடித்தது. பெரிய தார்ப்பர் புழுவுக்கு நிறையக் குட்டிகளைப் பறிகொடுத்தது. வறண்ட பகுதியில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. உங்கள் நிலம் வருடத்தில் பாதி நாள் நசநசவென்று இருக்குமென்றால், படத்தில் பார்த்த பெரிய கிடாவைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

தீவனம் தாயிடம் தொடங்குகிறது

நான் தொழில் பழகிய பெரியவரிடம் ஒரு முறை என் குட்டிகளைக் காட்டி, "இதுக்கு என்னய்யா வைக்கலாம்?" என்று கேட்டேன். அவர் குட்டியைப் பார்க்கவே இல்லை. தாயின் முதுகில் கை வைத்துவிட்டு, "இதுக்கு வை தம்பி, அது தானா வளரும்" என்றார்.

சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம், 147 முதல் 150 நாள். வயிற்றுக்குள் குட்டிக்கு ஏறும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில்தான் சேர்கிறது. அதே நேரத்தில் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்கும். ஆடு முன்பு தின்ற அளவு புல்லைத் தின்ன உள்ளே இடம் இருக்காது, இரட்டை என்றால் இன்னும் நெருக்கடி. அதனால் குறைந்த அளவில் அதிகச் சத்துள்ளதைக் கொடுக்க வேண்டும். என் 28 கிலோ ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம் 150 கிராம் அடர்தீவனத்தில் (தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்தது) தொடங்கி ஈனும் வாரத்தில் 300 கிராம் வரை கொண்டுபோகிறேன்.

போதுமா இல்லையா என்று கை சொல்லும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால், முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நடு எலும்பு கத்தி முனை போலக் குத்தினால் ஆடு மெலிந்திருக்கிறது. எலும்பு உருண்டையாகத் தட்டுப்பட்டு, அழுத்தினால் தெரிந்தால் சரி. தேடினாலும் எலும்பு கிடைக்கவில்லை என்றால் கொழுத்துவிட்டது, ஈனும்போது சிரமப்படும். ரோமம் அடர்ந்த ஆட்டில் கண்ணை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள்.

பிறந்தவுடன் சீம்பால். நோய் எதிர்ப்புச் சத்து குட்டிக்குத் தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே இரத்தத்துக்குள் விடும் கதவு குட்டியின் குடலில் ஒரு நாள்தான் திறந்திருக்கும், முதல் சில மணி நேரத்துக்குப் பிறகே மெல்ல மூட ஆரம்பித்துவிடும். கிலோவுக்கு 50 மில்லி என்ற கணக்கில் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். 2.4 கிலோ குட்டிக்கு 120 மில்லி, சின்னத் தம்ளரில் முக்கால். குடித்ததா என்று சந்தேகமாக இருந்தால் வாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்றிருந்து வயிறு ஒட்டியிருந்தால் குடிக்கவில்லை. கறந்து புகட்டுங்கள், காத்திருக்காதீர்கள். ஒரு குட்டி விடியற்காலையில் பிறந்து, தாய் சுத்தம் செய்துவிட்டாள் என்று நான் தூங்கப் போய், காலையில் அது கால் நீட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பிறந்த குட்டி அது. இன்றைக்கும் மனது வலிக்கும்.

தாயின் பால் மூன்றாவது நான்காவது வாரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். குட்டியின் பசியோ ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் பெரும்பாலான குட்டிகள் நின்றுபோகின்றன. அதற்கு முன்பே குட்டியின் வயிறு புல்லுக்கும் தானியத்துக்கும் தயாராகியிருக்க வேண்டும்.

தனித் தடுப்பு

பிறந்த குட்டிக்கு அசைபோடும் இரைப்பை பெயருக்குத்தான் இருக்கும். பால் அதைத் தொடாமல் நேராக நான்காம் அறைக்குப் போய்விடும். கடித்துத் தின்ற தானியமும் தழையும் உள்ளே புளித்து, அதில் வரும் அமிலங்கள்தான் இரைப்பையின் உள்சுவரில் சின்னச் சின்ன மொட்டுகளை வளர்க்கின்றன. சத்தை உறிஞ்சுவது அந்த மொட்டுகள். பால் மட்டும் குடித்த குட்டிக்கு இரண்டு மாதம் ஆனாலும் அந்தச் சுவர் வழவழவென்று இருக்கும். வயது அதை வளர்ப்பதில்லை, தின்பதுதான் வளர்க்கிறது.

ஆகவே பத்தாம் நாளிலிருந்து, தாய் நுழைய முடியாமல் குட்டி மட்டும் நுழையும் ஒரு தடுப்பு. குச்சிகளை நெட்டுக்குத்தாக நட்டு, இடைவெளியை உங்கள் இனத்துக்கு ஏற்றபடி விடுங்கள். என் குட்டிகளுக்கு 15 சென்டிமீட்டர் போதும், பெரிய இனத்துக்கு 20 வேண்டியிருக்கும். தாய்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நிழலில், தரை காய்ந்திருக்கும் இடத்தில் வையுங்கள். தாய் கண்ணுக்குத் தெரிந்தால்தான் குட்டி நிம்மதியாக உள்ளே இருக்கும்.

கலவையில் புரதம் 18 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 17, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. இது ஏறத்தாழ 19 சதவீதத்தில் வந்து நிற்கும். புண்ணாக்கை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள், பூசணம் பிடித்த வாசனை கொஞ்சம் அடித்தாலும் வேண்டாம். அந்தப் பூசண நஞ்சு குட்டியின் ஈரலைத்தான் முதலில் தாக்கும். யூரியா கலந்த தீவனம் இந்த வயதில் கூடவே கூடாது.

முதல் வாரம் குட்டி தின்னாது, முகர்ந்துவிட்டுப் போகும். ஒரு கைப்பிடி வைத்து, மறுநாள் மிச்சத்தை எடுத்துத் தாய்க்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள். எச்சில் பட்டுப் புளித்ததைக் குட்டி தொடாது. மூன்றாவது வாரத்தில் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டால் மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம் வரும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. பக்கத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பால் குடிக்கிற குட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைக்க வேண்டாம், தண்ணீர் குடிக்காத குட்டி தானியம் தின்னாது.

குட்டி நாளுக்கு 200 கிராமாவது தானாகத் தின்னும்போது பால் மறக்கடிக்கலாம். என் சிறிய ஆடுகளில் இது 75 முதல் 90 நாளில் வரும். பிரிக்கும்போது குட்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகாமல், தாயைக் கொண்டுபோங்கள். பழகிய தடுப்பு, பழகிய தொட்டி, பழகிய கூட்டம் இருந்தால் குட்டி இரண்டு நாள் கத்தும், ஆனால் தின்பதை நிறுத்தாது.

பால் மறந்த பிறகு

இங்கே நான் அதிகம் பார்க்கும் தப்பு ஒன்று: வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் குட்டி பட்டினி. ஒரு குட்டி தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த தீவனம், தின்ன வேண்டும். 15 கிலோ குட்டிக்கு 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இளம் பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மூன்று கிலோ புல்லைத் தின்றால்தான் அந்த 600 கிராம் வரும். அந்த வயிற்றில் அவ்வளவு கொள்ளாது. அதனால் 250 கிராம் அடர்தீவனம், ஒன்றரை கிலோ பசுந்தீவனம், மேலே ஒரு பிடி காய்ந்த தழை அல்லது வைக்கோல் என்று பிரித்துக் கொடுக்கிறேன். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு குதிரைமசால், வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறுக் கொடி போன்ற பயறு வகையாக இருந்தால் புரதத்துக்குப் புண்ணாக்கை அதிகம் நம்ப வேண்டாம். சூபாபுல் மரத்தழை நல்ல தீவனம், ஆனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம், அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு ரோமத்தைக் கொட்டவைக்கும். இந்த வயதில் அடர்தீவனத்தின் புரதத்தை 14 முதல் 16 சதவீதத்துக்குக் குறைக்கலாம்.

தானியத்தைத் திடீரென்று கூட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. இரைப்பையின் நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஒரே நாளில் அரைக் கிலோ மக்காச்சோளம் தின்ற குட்டிக்கு வயிறு புளித்து, கால் துவண்டு, செத்தும்போகும். துள்ளுமாரி நோயும் இப்படித்தான் வரும். குடலில் சாதாரணமாகவே இருக்கும் ஒரு கிருமி, மாவுச்சத்து மிதமிஞ்சி வந்ததும் பெருகி நஞ்சைக் கக்கும். மந்தையிலேயே நன்றாக வளரும், நன்றாகத் தின்னும் குட்டியைத்தான் அது கொண்டுபோகும். தானியம் கூட்டும் முன் தடுப்பூசியும், நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டுவிடுங்கள்.

கிடாக்குட்டிக்குத் தானியம் அதிகமானால் இன்னொரு தொல்லை சிறுநீர்க் கல். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் பாஸ்பரஸைப் போல் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். நூறு கிலோ கலவைக்கு ஒன்றரைக் கிலோ சுண்ணாம்புக்கல் மாவு சேர்ப்பது அதற்காகத்தான். முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும் கிடாக்குட்டியைப் பார்த்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள், நாளைக்கு என்பது தாமதம்.

தாது உப்பு வாங்கும்போது செம்மறிக்கென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் செய்ததில் செம்பு அதிகம் இருக்கும், செம்மறியின் ஈரல் அதைச் சேர்த்துவைத்து ஒரு நாள் மொத்தமாக இரத்தத்தில் விட்டுவிடும். இதிலும் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. டெக்சல் கொஞ்சம் செம்பையும் தாங்காது, மெரினோ ஓரளவு தாங்கும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் நார்த் ரொனால்ட்சே என்று ஒரு ஆடு இருக்கிறது. 1832-ல் தீவைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அந்த ஆடுகளை விளைநிலத்துக்குள் வராமல் கடற்கரையோடு ஒதுக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசியைத் தின்று வாழ்ந்ததில், அதில் கிடைக்கும் துளிச் செம்பையும் விடாமல் உறிஞ்சும் உடம்பு வந்துவிட்டது. அதே ஆட்டைச் சாதாரணப் புல்லில் விட்டால் அந்தப் புல்லிலுள்ள செம்பே அதற்கு விஷமாகிறது. இனத்தையும் தீவனத்தையும் தனித்தனியாகப் பேச முடியாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குடற்புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல இனம், நல்ல தீவனம், இருந்தும் எடை ஏறவில்லை என்றால் குட்டியின் கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் புழு உள்ளே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றாமல், வெளுத்ததற்கு மட்டும், எடைக்கேற்ற முழு அளவில் கொடுங்கள். குறைத்து ஊற்றினால் மருந்துக்கு அஞ்சாத புழுதான் மிஞ்சும்.

கிடாவாக வைத்துக்கொள்ளக் குட்டி எடுப்பவர்கள் பிறந்த எடையையும் முப்பதாம் நாள் எடையையும் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதில் தாயின் பங்கு அதிகம். 90 முதல் 180 நாள் வரை உள்ள வளர்ச்சியைப் பாருங்கள், அதில்தான் குட்டியின் சொந்தச் சரக்கு அதிகம் தெரியும், அதுதான் அடுத்த தலைமுறைக்கும் கூடுதலாக இறங்கும். இரட்டையாகப் பிறந்தும் அந்தக் காலத்தில் ஒற்றைக்கு ஈடாக ஓடிய குட்டியைக் கண்டால் விட்டுவிடாதீர்கள்.

32-ஐ அறுபதாம் நாள் கண்டுபிடித்ததும் 31-ஐயும் சேர்த்துத் தடுப்பில் விட்டேன். அடுத்த முப்பது நாளில் 31 நாளுக்கு 110 கிராம், 32 நாளுக்கு 140 கிராம். பட்டினி கிடந்த குட்டிக்குச் சரியான தீவனம் கிடைத்தால் அப்படி வேகமெடுக்கும். 180-ஆம் நாள் 31-ன் எடை 20.3, 32-ன் எடை 18.4. கிட்டத்தட்ட இரண்டு கிலோ கடைசிவரை பாக்கியாகவே நின்றது. தாயை அந்த ஈற்றோடு மந்தையிலிருந்து கழித்தேன். இப்போது ஈன்ற மூன்றாம் நாள் ஒவ்வொரு தாயையும் சுவரோரம் நிறுத்தி, இரண்டு காம்பையும் ஒரு பீச்சுப் பீச்சிப் பார்த்து நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் மேய விடுகிறேன்.